இனம் வேறு, தொழுவம் ஒன்று

“நாயும் பூனையும் போல” என்றும், “எலியும் பூனையும் போல” என்றும் உவமை கூறுவது நம்மவர் வழக்கம். ஒத்துப்போகாத மாமியார் மருமகளையும், பாகப்பிரிவினையில் மனம் முறிந்த அண்ணன் தம்பியையும் இவ்வாறே குறிப்பிடுகிறோம். ஆனால் உவமைக்கு ஆளான அந்தப் பிராணிகளோ, சிற்சில வீடுகளில் ஒரே சாக்கின்மேல் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு உறங்குகின்றன. நம் உவமையை அவை கேள்விப்படவில்லை போலும்!

இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கடிதம். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் சங்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கணவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. வீட்டில் ஒரு வெள்ளாடும் ஒரு பூனையும் உண்டு. கண் திறந்த சில நாட்களில் வந்து சேர்ந்த அந்தப் பூனை, அன்று முதல் ஆட்டின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே உறங்குகிறதாம். ஆட்டை மேய்ச்சலுக்குக் கட்டினால் பூனையும் பின்னே சென்று மரச்சீனிச் செடியின் நிழலில் அமர்ந்துகொள்ளுமாம். ஆட்டை விற்றுவிட்டு, பூனையை இங்கேயே விட்டுச் செல்லலாம் என்பது வீட்டாரின் எண்ணம். “இரண்டும் வேறு வேறு பிறவி, நாலு நாளில் மறந்துவிடும் என்கிறார்கள். உண்மையிலேயே மறந்துவிடுமா?” என்பது அம்மையாரின் கேள்வி.

கேள்வி சிறிதுதான். ஆயினும் இதழைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை மூட்டை கட்டுதலை நன்கு அறிந்தவை. வாசலில் வளர்த்த முருங்கையையும், அடுத்த வீட்டுச் சேச்சியையும், நாவுக்குப் பழகிய கிணற்று நீரையும் விட்டுப் புறப்பட்ட அனுபவம் நமக்கு உண்டு. வாயில்லாப் பிராணிக்கும் அத்தகைய பிரிவு உண்டா என்று ஆராய்ந்து பார்ப்பது நமக்குத் தகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்து காணப்படுவதெல்லாம் நட்பாகிவிடாது. தனுவச்சபுரம், அமரவிளைப் பக்கங்களில் மேயும் பசுவின் காலடியிலேயே உண்ணிக்கொக்கு நடந்து செல்வதை யாவரும் பார்த்திருக்கலாம். பசு அடியெடுத்து வைக்கையில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் எழும்புகின்றன. கொக்கு அவற்றைக் கொத்திக்கொள்ளுகிறது. இந்தப் பசு இல்லையேல் வேறொரு பசு. பசுவே இல்லையேல் உழுகின்ற டிராக்டர்! அதன் பின்னாலும் அதே பக்தியோடு கொக்குகள் செல்லும்.

காட்டில் இதைவிட நயமான ஒப்பந்தம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா வனத்தில் 1980-களில் ஆராய்ந்தவர்கள், புள்ளிமான் கூட்டமும் மந்திக் கூட்டமும் அடிக்கடி ஒன்றாய் இருப்பதைக் குறித்து வைத்தனர். மந்தி மரத்திலிருந்து உதிர்க்கும் தழையும் கனியும் மானுக்கு உணவாகின்றன. புலி வரும்போது மேலிருந்து கண்ட மந்தி குரல் கொடுத்தால் மான் ஓடுகிறது; கீழிருந்து மோப்பம் பிடித்த மான் குரல் கொடுத்தால் மந்தி கிளையேறுகிறது. இருவர்க்கும் இலாபம். எனினும் இது கொடுக்கல் வாங்கல்தான்.

இரண்டாவது வகை, ஆபத்துக் கால உடன்படிக்கை. மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் பீஷ்மர் தருமருக்கு இதைப் பற்றி ஒரு கதை சொல்லுகிறார். வேடன் வலையில் ஒரு பூனை சிக்கிக்கொண்டது. அங்கே வந்த எலியையோ ஒரு புறம் கீரியும் மற்றொரு புறம் ஆந்தையும் குறிவைத்தன. எலி ஓடிச்சென்று பூனையின் அடியிலேயே ஒளிந்தது. அதற்குக் கைம்மாறாக வலையைக் கடித்துத் தருவதாக வாக்களித்தது. ஆனால் உடனே கடிக்கவில்லை. வேடன் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்து, பூனைக்குத் தப்பியோட மட்டுமே அவகாசம் இருக்கும்படி கடைசிக் கயிற்றை அறுத்தது. பிறகு பூனை வந்து நண்பர்களாய் இருப்போம் என்று எவ்வளவோ நயந்து அழைத்தும் எலி வளையைவிட்டு வரவில்லை. காரியம் முடிந்தது, உறவும் முடிந்தது என்பது எலியின் முடிவு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், தவம் செய்வதுபோல் கைகளை உயர்த்தி நிற்கும் பூனையையும், அதனருகே எலிகளையும் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியும் பொய்ந்நட்பை நகைத்தே இருக்கிறான்.

மூன்றாவது வகைதான் நம் சகோதரி வினவியது. உணவுக்கும் அன்று, உயிருக்கும் அன்று. அருகில் இருப்பதற்காகவே அருகில் இருப்பது. இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், 1789-ஆம் ஆண்டில் வெளியான தம் இயற்கை நூலில் இத்தகைய நட்பொன்றை எழுதியிருக்கிறார். ஒரு பழத்தோட்டத்தில் ஒரு குதிரையும் ஒரு கோழியும் இருந்தன. வேறு உயிர்களை அவை காண்பதில்லை. நாளடைவில் கோழி குதிரையின் கால்களில் உராய்ந்துகொண்டு நிற்கத் தொடங்கியது. குதிரையோ குனிந்து பார்த்து, தன் சிறிய தோழியை மிதித்துவிடாதபடி அடிமேல் அடி வைத்து நடந்தது. குதிரையைக் கொண்டு கோழிக்கு ஆதாயம் இல்லை. கோழியைக் கொண்டு குதிரைக்கும் இல்லை.

குதிரையும் பூனையும் கொண்ட நட்பில் பெயர் பெற்றது, கோடால்பின் அராபியன் என்னும் குதிரையின் கதை. இன்று உலகெங்கும் பந்தயத்தில் ஓடும் உயர்சாதிக் குதிரைகளுக்கு மூலபுருடர்களாகக் கூறப்படும் மூன்று ஆண் குதிரைகளுள் இதுவும் ஒன்று. 1753-இல் இறந்த இக்குதிரைக்குக் கிரிமால்கின் என்னும் பூனை இணைபிரியாத் தோழனாய் இருந்ததாகக் கூறுவர். குதிரை இறந்தபின் பூனையும் ஏங்கி இறந்தது என்பது செவிவழிச் செய்தி. ஆயினும் அக்குதிரையை வரைந்த ஓவியத்திலேயே பூனையும் இடம் பெற்றிருக்கிறது. எசமானர் பொருட்படுத்தாத உறவு ஓவியத்தில் ஏறியிராது.

நம் பக்கத்தில் குதிரை அரிது. திருவனந்தபுரத்துக் குதிரைமாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 குதிரைகளும் மரத்தாலானவை. உயிருள்ள குதிரையைக் காண வேண்டுமாயின் அந்நகரத்துக் காவற்படையின் குதிரைப் பிரிவைத் தேடிப் போக வேண்டும். ஆயினும் குதிரையின் இயல்பை அறிந்துகொண்டால் நம் வீட்டுத் தொழுவத்தின் இரகசியமும் விளங்கும். குதிரை கூட்டமாய் வாழப் பிறந்தது. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். காவலுக்கு ஒரு துணை உண்டு என்ற நம்பிக்கை இல்லாவிடில் படுக்க அஞ்சும். இலாயத்தில் தனியே அடைபட்ட குதிரை தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும். இதனால்தான் பந்தயக் குதிரைக்குத் துணையாக வெள்ளாட்டையோ கழுதையையோ கட்டிவைக்கும் வழக்கம் பல நாடுகளில் ஏற்பட்டது. எலியைத் தேடி இலாயத்துக்கு வந்த பூனை, குதிரையின் உடற்சூட்டுக்காகத் தங்கிவிடுகிறது. குதிரை பூனையைத் தின்பதில்லை. பூனையால் குதிரைக்குத் தீங்கும் இல்லை. எலிக்காக வந்த உறவு நட்பாக முதிர்கிறது.

இத்தகைய நட்புக்கு வேண்டுவன யாவை? அறிந்தவர் கூறுவனவற்றைத் தொகுத்தால் மூன்று தேறும்.

ஒன்று, இளமை. சீன நாட்டு உளநூல் அறிஞர் குவோ என்பவர் 1930-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். எலியைக் கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18, எலி கொல்லப் பழகின. தனியே வளர்ந்த 20-இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இலோ மூன்றே கொன்றன. அம்மூன்றும் தம்மோடு வளர்ந்த எலியின் இனத்தைத் தொடவில்லை. பிறவிப் பகை என்று நாம் உறுதியாய் நம்புவதில் வளர்ப்பின் பங்கு எவ்வளவு பெரியது, பாருங்கள்! பூனைக்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ ஏழாம் வாரம்வரையிலும், நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம்வரையிலும், எவ்வெவ்வுயிர் தன் சுற்றம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. நம் சகோதரியின் பூனை ஆட்டின் வயிற்றை அடைந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

இரண்டு, தனிமை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். நமக்கு அண்மையிலுள்ள குளச்சல் கடற்கரையைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலை, கடல் கடந்து ஆப்பிரிக்காவின் கென்யாக் கரையையும் எட்டியது. அங்கே தன் கூட்டத்தைப் பிரிந்து கடலோரப் பாறையில் சிக்கிய ஒரு நீர்யானைக் கன்றை மறுநாள் மக்கள் வலையிட்டு மீட்டனர். ஓவன் என்று பெயரிட்டு மொம்பாசாவிலுள்ள விலங்குப் பூங்காவில் விட்டனர். தாயற்ற அக்கன்று, அங்கிருந்த ஏறத்தாழ 130 வயதுடைய இராட்சத ஆமையின் பின்னே போய் ஒளிந்தது. “முதியவர்” என்று பொருள்படும் ம்சே என்பது ஆமையின் பெயர். முதியவர் முதலில் சினந்து விலகிச் சென்றார், கன்று விடவில்லை. சில நாட்களில் இரண்டும் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் நீந்தி, ஒன்றாய் உறங்கின. பின்னர் ஓவனின் உடல் பெருத்து ஆமைக்கு ஆபத்து நேரலாம் என்ற நிலையில் இரண்டையும் பிரித்து, ஓவனுக்குத் தன்னினத் துணையைத் தந்தார்கள். தனிமை தந்த உறவு அது. ஆனால் அந்தக் கன்று பிழைத்தெழுந்ததில் முதியவருக்குப் பங்கில்லை என்று யார் சொல்லக்கூடும்?

மூன்று, பசியும் அச்சமும் இன்மை. 2002-இல் கென்யாவின் சம்புரு வனத்தில் ஒரு பெண் சிங்கம், ஒரிக்ஸ் என்னும் மான்வகைக் கன்றைக் கொல்லாமல் காத்துத் திரிந்தது. உலகம் வியந்தது. ஆனால் கன்றுக்குக் குடிக்கப் பால் இல்லை. கன்றை விட்டு வேட்டைக்குப் போக முடியாமல் சிங்கமும் பட்டினி கிடந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வேறொரு சிங்கம் கன்றைக் கொன்றுவிட்டது. இதை நட்பு என்று போற்றுவதா, திசைமாறிய தாய்மை என்று இரங்குவதா? இதற்கு மாறாக, நம் நாட்டுக் கிர் வனத்தில் 2018-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு பெண் சிங்கம், தன் இரு குட்டிகளோடு ஒரு சிறுத்தைக் குட்டிக்கும் பாலூட்டி, இரையும் பகிர்ந்து வளர்த்தது. பால் இருந்தது, இரை இருந்தது, விளையாட உடன்பிறப்பும் இருந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பின் பிறவிக் குறைபாட்டால் குட்டி இறந்ததேயன்றி, வளர்த்தவளின் பகையால் அன்று.

பாறசாலை மகாதேவர் சந்நிதியில் நின்று சிவபெருமானின் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால் இக்கருத்து எளிதில் விளங்கும். ஐயனுக்கு இடபம், அம்மைக்குச் சிங்கம். ஐயன் கழுத்தில் நாகம், பிள்ளையாருக்கு எலி, முருகனுக்கு மயில். வெளியே ஒன்றையொன்று விழுங்கக்கூடியவை அந்த வீட்டில் அடங்கி இருக்கின்றன. அங்கே பசியும் இல்லை, அச்சமும் இல்லை என்பதே நம் பாட்டிமார் கூறிவந்த விளக்கம்.

இனி, “மறந்துவிடுமா?” என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து யானைகள் காப்பகத்தில் டாரா என்னும் யானையும் பெல்லா என்னும் தெருநாயும் ஆண்டுக்கணக்கில் இணைபிரியாது வாழ்ந்தன. ஒருமுறை பெல்லாவுக்கு முதுகுத்தண்டில் காயம் ஏற்பட்டு, சில வாரங்கள் அலுவலகக் கட்டடத்தில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். மேய்ந்து திரியப் பரந்த காடு இருந்தும், டாரா அக்கட்டடத்தின் வேலியோரத்தையே சுற்றி நின்றது. பணியாளர்கள் நாயைத் தூக்கிவந்து காட்டிய பிறகே அமைதியடைந்தது. 2011-இல் பெல்லா இறந்தது. அதன்பின் டாராவின் நடத்தை மாறியதைக் காப்பகத்தார் கண்டனர். துணையைப் பிரிந்த குதிரை கனைத்துக்கொண்டு வேலியோரமாய் ஓடுவதும், தீனியைத் தொடாமல் நிற்பதும் குதிரை வளர்ப்போர் யாவரும் அறிந்தவை. ஆகவே நம் சகோதரிக்கு விடை இதுதான்: நாலு நாளில் மறந்துவிடும் என்பது நம் மனத்தின் வசதிக்காக நாம் சொல்லிக்கொள்வது.

என்றாலும் மாற்றல் உத்தரவு பூனையைக் கேட்டு வருவதில்லை. செய்யத்தக்கன யாவை?

ஆட்டையும் பூனையையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் வீட்டை அதே ஊரில் தேடுவது முதல் வழி. அடுத்த வீட்டாருக்கு ஆட்டை நூறு இருநூறு குறைத்துக் கொடுத்தாலும் நட்டமில்லை. அது கூடாதாயின், வேறு ஆடுகள் உள்ள வீட்டுக்கே ஆட்டை விற்க வேண்டும். ஆடு தனிமையைப் பொறுக்காத உயிர். பூனையைத் தம்மோடு கொண்டுசெல்ல வேண்டும்.

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. நாய், பூனை முதலியவற்றை ரயிலில் கொண்டுசெல்ல முறையான வழி உண்டு. பயண நாளுக்கு முன்பே பார்சல் அலுவலகத்தில் விசாரித்து, உரிய கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். காற்றோட்டமுள்ள உறுதியான கூடை அவசியம். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஏறுவது விதிக்குப் புறம்பு. வண்டி நாகர்கோவிலை அடையுமுன் பூனையே சாட்சி சொல்லிவிடும்.

புது வீட்டில் இரண்டு மூன்று வாரங்கள் பூனையை வெளியே விடலாகாது. ஆட்டோடு உறங்கிய அந்தப் பழைய சாக்கைத் துவைக்காமல் கொண்டுபோய் ஒரு மூலையில் விரித்தால், பழகிய மணம் அதற்கு ஆறுதல் தரும். முழுதாய் இரண்டு நாள் உண்ணாதிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரல் கெடும். புதிய துணை வேண்டுமாயின் ஒரே நாளில் மடியில் திணிக்கலாகாது. வேறு வேறு அறையில் வைத்து, ஒன்றின் துணியை மற்றொன்றுக்கு மோக்கக் கொடுத்து, கதவின் இருபுறமும் உணவிட்டு, சிறுகச் சிறுகக் காட்ட வேண்டும். பூனை ஏறித் தப்ப உயரமான ஓரிடம் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இந்த நட்பு ஆளோடு ஏற்படுவது, இனத்தோடு அன்று. வீட்டுக் கோழியோடு உறங்கும் நாய், அண்டை வீட்டுக் கோழியைக் கவ்வாது என்பதற்கு உறுதி இல்லை. குஞ்சையும் பூனையையும் ஒரே கூடையிலிட்டுக் கைப்பேசியில் படமெடுத்து மகிழும் பிள்ளைகளைப் பெரியோர் தடுக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போடுவது கடமை. கடியோ கீறலோ பட்டால் அது வளர்ப்புப் பிராணியுடையதே ஆயினும், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஊர் மாறும்போது பூனையையும் நாயையும் தெருவில் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே இல்லாமலில்லை. பூட்டிய கதவின் முன் சில நாள் அவை அமர்ந்திருக்கும். பிறகு தெருக்கூட்டத்தில் சேர்ந்து, ஒன்று பட்டினியால் மெலியும். இல்லையேல் ஊருக்கு அச்சமாய் மாறும். பின்னர் தெருநாய்த் தொல்லை என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதுவதில் பொருளில்லை.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு அப்பாலும் நெய்யாற்றின்கரை இப்பாலுமாக எல்லை வகுக்கப்பட்டது. அந்தக் கோட்டைப் பற்றி அறியாத ஆடுகள் இருபுறமும் மேய்ந்தன; கொண்டான் கொடுத்தான் உறவும், குழந்தைகளின் விளையாட்டும் இருபுறமும் நீடித்தன. மனிதர் யாவரும் ஓரினம். ஆட்டுக்கும் பூனைக்கும் உள்ள தூரம் நமக்கிடையே இல்லை. வேற்றுமொழி வீட்டு முற்றத்தில் நம் பிள்ளை விளையாடப் போனால் தடுக்காதீர்கள். சுற்றம் மனத்தில் பதிகிற பருவம் மனிதக் குழந்தைக்கும் இளமையே. அந்தப் பிள்ளைகளைப் பிரித்து அழைத்துச் செல்ல நேர்ந்தால், கடிதம் எழுதவும் தொலைபேசியில் பேசவும் வழி இருக்கிறது. ஆட்டுக்கும் பூனைக்கும் அந்த வழி இல்லை. அவற்றுக்காக யோசிக்க வேண்டியவர் மூட்டை கட்டுகிற நாம்தான்.

மாற்றலாகிச் செல்லும் அச்சகோதரியின் குடும்பத்துக்கு நம் சங்கத்தின் நல்வாழ்த்துகள். நெய்யாற்றின்கரையைச் சுற்றியுள்ள அன்பர் எவரேனும் ஆட்டையும் பூனையையும் ஒருசேர ஏற்க முன்வந்தால் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆடு பால் கறக்கிறதாம். பூனை எலி பிடிப்பதிலும் குறை வைக்கவில்லை என்று கடிதத்தில் கண்டிருக்கிறது.